அமெரிக்கா, லண்டன் விமானத்தில் எந்த சீட் நல்லது? மாங்காடு பகுதி பயணிகளுக்கு முழு விவரம்

மாங்காடு,

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி, போரூர் பகுதிகளில் மகனோ, மகளோ வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். பேரன், பேத்தி பிறந்தால் தாத்தா-பாட்டி உடனே கிளம்பி விடுகிறார்கள். பாஸ்போர்ட், விசா, ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். ஆனால் எந்த சீட்டில் உட்கார்ந்து போவது என்பதை மட்டும் கடைசி வரை யாரும் யோசிப்பதில்லை.

விளைவு? 14 மணி நேரம் நடு சீட்டில் மாட்டிக் கொண்டு, எழுந்து போகவும் கூச்சப்பட்டு, கால் வீங்கிப் போய் இறங்குகிறார்கள். கணவர் ஒரு வரிசை, மனைவி பத்து வரிசை தள்ளி என பிரிந்து உட்கார்ந்து தவிப்பவர்களும் உண்டு. டிக்கெட் எடுத்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கினால் இதை தவிர்த்து விடலாம்.

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, லண்டன், பிராங்பர்ட், சிங்கப்பூர் என எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். சென்னையில் இருந்து துபாய்க்கு சுமார் 4 மணி நேரம். லண்டன், பிராங்பர்ட்டுக்கு 10 மணி நேரத்துக்கு மேல். துபாயில் இருந்து நியூயார்க் போக சுமார் 14 மணி நேரம் ஆகிறது. எனவே 2 விமானத்துக்கும் தனித்தனியாக சீட் பார்க்க வேண்டும். 4 மணி நேர விமானத்தில் எப்படியும் சமாளித்து விடலாம். 14 மணி நேர விமானத்துக்குத்தான் முதலில் சீட் பிடிக்க வேண்டும்.

முதலில் விமானத்தை பாருங்கள்

டிக்கெட்டில் விமானத்தின் ரகம் போட்டிருக்கும். எக்கனாமி வகுப்பில் ஒரு வரிசைக்கு எத்தனை சீட் என்பது அதை வைத்துத்தான் முடிவாகிறது.

போயிங் 777 விமானத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் 3-4-3 என வரிசைக்கு 10 சீட் போட்டிருக்கின்றன. ஆரம்ப காலத்தில் இதே விமானத்தில் 9 சீட் போட்ட நிறுவனங்கள் பல. அதே அகலத்துக்குள் 10-வது சீட்டை நுழைத்ததால் ஒரு சீட்டின் அகலம் சுமார் 17 அங்குலமாக சுருங்கி விட்டது.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் பெரும்பாலும் 3-3-3 என 9 சீட். இதில் ஏ350 சீட் சுமார் 18 அங்குலம். 787 சீட் அதைவிட கொஞ்சம் குறுகல். ஏர்பஸ் ஏ330 விமானத்தில் 2-4-2 என 8 சீட். சீட்டும் சுமார் 18 அங்குலம் இருக்கும். கணவன்-மனைவி 2 பேர் மட்டும் போவதற்கு ஏ330-ன் ஓரத்து ஜோடி சீட் போல வசதி வேறு இல்லை. மூன்றாவது ஆள் தொந்தரவே கிடையாது.

787, ஏ350 விமானங்களுக்கு இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. பழைய ரக விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். இவற்றில் அது சுமார் 6 ஆயிரம் அடி அளவுக்கே இருக்கும்படி அமைத்து இருக்கிறார்கள். காற்றின் வறட்சியும் குறைவு. வயதானவர்களுக்கு களைப்பு குறைய இது உதவும். கட்டணம் ஒரே அளவில் இருந்து, 2 விமானங்களில் ஒன்றை தேர்வு செய்யலாம் என்றால் இதையும் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம்.

ஏ, பி, சி என்றால் என்ன?

சீட் எண்ணில் வரும் எண் வரிசையை குறிக்கும். எழுத்து அந்த வரிசையில் எந்த இடம் என்பதை சொல்லும். பெரிய விமானங்களில் பெரும்பாலும் ஏ, கே இரண்டும் ஜன்னல் ஓரம். சி, டி, ஜி, எச் ஆகியவை ஐல் சீட் எனப்படும் நடைபாதை ஓர சீட்கள். ஐ என்ற எழுத்து எண் 1 போல தெரியும் என்பதால் அதை விட்டு விடுவார்கள்.

ஏ330 போன்ற விமானத்தில் ஓரத்தில் 2 சீட்தான் என்பதால் பி என்ற எழுத்தே இருக்காது. ஏ-வுக்கு அடுத்தது சி. இதைப் பார்த்து நடுவில் ஒரு சீட் காலி என்று நினைத்து விடக்கூடாது. 3-3-3 விமானங்களில் நடு வரிசை எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே எழுத்தை மட்டும் நம்பாமல் சீட் வரைபடத்தை பார்த்து உறுதி செய்வது நல்லது.

தாண்டிப் போகிறவர் எத்தனை பேர்?

ஐல் சீட் எல்லாம் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 777 விமானத்தில் சி சீட்டில் உட்கார்ந்தால் உள்ளே ஏ, பி என 2 பேர். அவர்கள் டாய்லெட் போகும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து வழி விட வேண்டும். தூக்கம் போச்சு.

அதுவே நடு வரிசையில் உள்ள டி சீட் என்றால் பக்கத்தில் உள்ள இ சீட்காரர் ஒருவர் மட்டுமே உங்களை தாண்டுவார். எப் சீட்டில் இருப்பவர் அந்தப் பக்கம் ஜி வழியாக போய் விடுவார்.

3-3-3 விமானத்தில் இன்னும் வசதி. நடு வரிசையின் 2 ஓரத்திலும் நடைபாதை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவர் இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். தூக்கம் கெடக்கூடாது, அதே நேரம் அடிக்கடி எழுந்து நடக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நடு வரிசை ஐல் சீட்டே சிறந்தது.

எந்த முட்டியில் வலி?

மூட்டு வலி உள்ளவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ஐல் சீட்டில் உட்கார்ந்தால் நடைபாதை பக்கம் உள்ள காலை அவ்வப்போது கொஞ்சம் நீட்டிக் கொள்ளலாம். எந்த கால் என்பது சீட்டைப் பொறுத்தது.

சி, ஜி சீட்களில் உட்கார்ந்தால் நடைபாதை உங்கள் வலது பக்கம். வலது முட்டியில் வலி என்றால் இந்த சீட்கள். டி, எச் சீட்களில் நடைபாதை இடது பக்கம். இடது முட்டிக்காரர்கள் இதை எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்து கொண்டவர்களுக்கும் இதே கணக்குதான். சாப்பாட்டு தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக் கொள்ள வேண்டும். அசந்து தூங்கினால் வண்டி இடித்து விடும்.

ரத்தக்கட்டு ஆபத்து

நீண்ட நேரம் காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்து இருந்தால் காலில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டி ஏற்படலாம். அந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்கு போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் 2 மடங்காகிறது என்று கூறப்பட்டது. ஆனாலும் அது சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருப்பதாகவும் அந்த ஆய்வு சொன்னது. எனவே பயந்து பயணத்தை ரத்து செய்ய தேவையில்லை. எழுந்து நடந்தால் போதும்.

ஜன்னல் ஓரத்தில் உட்காருபவர்கள் எழுந்து நடப்பது குறைவு. பக்கத்து ஆள் தூங்குகிறாரே என்று தயங்கி தண்ணீர் கூட குடிக்காமல் இருந்து விடுகிறார்கள். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், அதிக உடல் எடை உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் ஐல் சீட் எடுப்பதே நல்லது. ஏற்கனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நீண்ட பயணம் போகக் கூடாது. கர்ப்பிணிகளிடம் 28 வாரத்துக்கு பிறகு பல நிறுவனங்கள் டாக்டர் சான்றிதழ் கேட்கின்றன.

சர்க்கரை நோயாளிகளும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவர்களும் டாய்லெட்டுக்கு பக்கத்து சீட்டே வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே கதவு சத்தம், விளக்கு வெளிச்சம், வாடை, தலைமாட்டில் க்யூ என்று நிம்மதியே இருக்காது. 4, 5 வரிசை தள்ளி ஐல் சீட் எடுத்தால் போய் வரவும் சுலபம், தொந்தரவும் குறைவு.

கைக்குழந்தை இருந்தால்

ஒவ்வொரு பகுதியிலும் தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் வரும் முதல் வரிசையில்தான் தொட்டில் மாட்டுவார்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் 10 முதல் 14 கிலோவுக்குள் இருக்கும். குழந்தை கொழுகொழு என்று இருந்தால் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது. தொட்டில்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு என்பதால் டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு போன் செய்து பதிவு செய்ய வேண்டும்.

தொட்டில் கிடைத்தாலும் விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக் கொள்ள வேண்டும். இரவில் இப்படி 3, 4 முறை கூட நடக்கலாம்.

மடியில் வைக்கும் 2 குழந்தைகளை ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்கார விட மாட்டார்கள். ஒவ்வொரு வரிசை தொகுப்பிலும் கூடுதலாக இருக்கும் ஆக்சிஜன் முகமூடி ஒன்று மட்டுமே என்பதுதான் காரணம். அக்கா-தங்கை 2 பேரும் கைக்குழந்தையுடன் போவதாக இருந்தால் எதிரெதிர் ஐல் சீட் கேட்கலாம்.

குழந்தை இல்லாதவர்கள் கால் நீட்டலாம் என்று ஆசைப்பட்டு இந்த முதல் வரிசையை எடுத்தால், பக்கத்திலேயே குழந்தை அழுகை கேட்க வாய்ப்பு அதிகம். கைப்பையை காலடியில் வைக்க முடியாது. சாப்பாட்டு பலகையும், டி.வி.யும் கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியை தூக்கவும் முடியாது.

குடும்பம் பிரியாமல் இருக்க

12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, ஒரே டிக்கெட் பதிவில் வரும் தாய், தந்தை அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம் 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒரே டிக்கெட் பதிவு என்பதுதான். அப்பாவுக்கு தனி டிக்கெட், அம்மா-குழந்தைக்கு தனி டிக்கெட் என்று போட்டால் சிக்கல்தான். எல்லோருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் போடச் சொல்லி டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டும்.

4 பேர் குடும்பத்துக்கு 777-ன் நடு வரிசை 4 சீட் கச்சிதம். வயதான தம்பதி 2 பேர் என்றால், ஒருவருக்கு சி, ஒருவருக்கு டி என்று நடைபாதைக்கு இரு பக்கமும் எடுக்கலாம். 2 பேருக்கும் ஐல் சீட். கை நீட்டினால் மாத்திரை கொடுக்கும் தூரம். யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை.

எமர்ஜென்சி கதவு சீட்

அவசர வழிக்கு பக்கத்தில் உள்ள சீட்டில் கால் வைக்க தாராளமாக இடம் இருக்கும். சாதாரண எக்கனாமி வகுப்பில் ஒரு சீட்டில் இருந்து முன் சீட்டுக்கு உள்ள தூரம் பெரும்பாலும் 31 முதல் 33 அங்குலம். 6 அடி உயரம் உள்ளவர்களுக்கு முட்டி இடிக்கும். அவர்களுக்கு எமர்ஜென்சி சீட் வரப்பிரசாதம்.

ஆனால் முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், வீல்சேர் கேட்டவர்களுக்கு இந்த சீட் கிடையாது. ஆபத்து நேரத்தில் பணிப்பெண் சொல்வதை புரிந்து கொண்டு கதவை திறந்து உதவக் கூடியவர்களை மட்டுமே உட்கார வைப்பார்கள். அப்பாவுக்கு கால் வலி என்று மகன் அமெரிக்காவில் இருந்தபடியே பணம் கட்டி இந்த சீட்டை போட்டு வைத்தால், விமானத்தில் ஏறிய பிறகு மாற்றி விடுவார்கள். அப்போது கிடைப்பது நடு சீட்டாகக் கூட இருக்கலாம். கதவு பக்கம் என்பதால் குளிரும் அதிகம். சாக்ஸ், ஸ்வெட்டர் அவசியம்.

தவிர்க்க வேண்டிய சீட்கள்

கடைசி வரிசை: பின்னால் சுவர் என்பதால் பல விமானங்களில் முழுமையாக சாய்க்க முடியாது. டாய்லெட், சாப்பாடு தயாரிக்கும் இடம் இரண்டும் பக்கம்.

கதவுக்கு முன் வரிசை: சில விமானங்களில் இதையும் சாய்க்க முடியாது.

ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்: எல்லா வரிசைக்கும் நேராக ஜன்னல் வருவது இல்லை. பணம் கட்டி எடுத்து விட்டு சுவரை பார்த்துக் கொண்டு போக வேண்டி வரும்.

காலடியில் பெட்டி உள்ள சீட்: டி.வி.க்கான மின்னணு பெட்டி சில சீட்களுக்கு கீழே இருக்கும். ஒரு காலை நீட்ட முடியாது.

அதே நேரம் பின் பகுதியில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. பல நிறுவனங்களின் 777 விமானத்தில் வால் பக்கம் போகப் போக உடல் குறுகுவதால் கடைசி சில வரிசைகள் மட்டும் 2-4-2 என்று மாறும். அந்த ஓரத்து ஜோடி சீட்டுக்கு அனுபவசாலிகளிடையே கிராக்கி அதிகம். விமானம் முழுசாக நிரம்பாத நாட்களில் பின் பக்கம்தான் சீட் காலியாக இருக்கும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்த குறைகளை எல்லாம் ஏரோலோபா போன்ற இணையதளங்களில் உள்ள சீட் வரைபடத்தில் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர், விமானத்தின் ரகம் இரண்டும் தெரிந்தால் போதும்.

குலுக்கல் பயமா?

குலுக்கலுக்கு பயப்படுபவர்களும், வாந்தி வருபவர்களும் இறக்கைக்கு நேரான வரிசைகளில் உட்கார வேண்டும். பஸ்சில் கடைசி சீட் தூக்கிப் போடுவது போலத்தான் விமானத்திலும் வால் பகுதி அதிகம் ஆடும். இறக்கை பக்கம் என்ஜின் சத்தம் கேட்கும். வெளியே இறக்கைதான் தெரியும். சத்தம் குறைவாக வேண்டும் என்றால் இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகள் நல்லது.

எங்கே உட்கார்ந்தாலும் பெல்ட் அவசியம். 2024-ம் ஆண்டு மே 21-ந்தேதி லண்டனில் இருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் திடீரென பயங்கரமாக குலுங்கியது. ஒரு பயணி இறந்தார். பலர் காயம் அடைந்தனர். விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது. தூங்கும்போதும் பெல்ட்டை லேசாக மாட்டிக் கொண்டு, போர்வைக்கு மேல் தெரியும்படி வைத்தால் பணிப்பெண்கள் எழுப்ப மாட்டார்கள்.

11-ஏ சீட் ராசியா?

2025-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத்தில் இருந்து லண்டன் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். அவர் உட்கார்ந்து இருந்தது அவசர வழிக்கு பக்கத்தில் உள்ள 11-ஏ சீட். அதன் பிறகு 11-ஏ வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகரித்ததாக செய்திகள் வந்தன.

ஆனால் ஒரு விமானத்தில் 11-ஏ இருக்கும் இடம் வேறு, இன்னொரு விமானத்தில் இருக்கும் இடம் வேறு. விபத்து எப்படி நடக்கிறது, எந்த பகுதி முதலில் மோதுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். எந்த விபத்திலும் தப்பிக்க வைக்கும் சீட் என்று ஒன்று இல்லை. உட்கார்ந்ததும் அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று முன்னும் பின்னும் எண்ணி வைத்துக் கொள்வதுதான் பயன் தரும். புகை சூழ்ந்தால் கண் தெரியாது. தடவிக் கொண்டு போக அந்த எண்ணிக்கை உதவும்.

சைவ சாப்பாடு

பின் வரிசைக்கு வண்டி வருவதற்குள் சைவ சாப்பாடு தீர்ந்து விடும் என்று பயந்து முன் சீட்டுக்கு பணம் கட்டுபவர்கள் உண்டு. அது தேவையில்லை. ஆசிய சைவ உணவு என்று முன்பதிவு செய்தால் பெயர் சொல்லி, பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பாகவே கொண்டு வந்து தருவார்கள். இதற்கு கூடுதல் கட்டணம் இல்லை. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி விட வேண்டும்.

பணம் கட்ட வேண்டுமா?

மலிவான டிக்கெட்களில் முன்கூட்டியே சீட் எடுக்க பல நிறுவனங்கள் தனியாக பணம் வாங்குகின்றன. ஆன்லைன் செக்-இன் தொடங்கியதும் மீதம் உள்ள சீட்களில் சாதாரண சீட்டை இலவசமாக எடுக்கலாம். இது நிறுவனத்தைப் பொறுத்து புறப்படுவதற்கு 48 மணி நேரமோ, 24 மணி நேரமோ முன்பு தொடங்கும். அந்த நேரத்தை செல்போனில் அலாரம் வைத்து, தொடங்கிய நிமிடமே உள்ளே போக வேண்டும்.

தனியாக போகும் இளைஞர்கள் இப்படி காத்திருந்து இலவசமாக எடுக்கலாம். மூட்டு வலி உள்ள பெற்றோருக்கு அந்த சூதாட்டம் வேண்டாம். முழு பயணத்துக்கும் பணம் கட்ட மனமில்லை என்றால், நீண்ட தூர விமானத்துக்கு மட்டுமாவது கட்டி ஐல் சீட்டை உறுதி செய்து விடலாம். சீட் எடுத்த பிறகு விமானத்தின் ரகத்தை மாற்றினால் சீட்டும் மாறி விடும். எனவே ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் மறுபடி பார்ப்பது அவசியம்.

நடக்க சிரமப்படுபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டு பதிவு செய்ய வேண்டும். வீல்சேர் பயணிகளை பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள். எனவே அவர்களுக்கு வாசல் பக்க சீட்டுக்காக கூடுதல் பணம் கட்டுவது வீண். ஐல் சீட்டாக இருந்தால் போதும்.

கவுண்ட்டரில் கேளுங்கள்

நல்ல சீட் கிடைக்காதவர்கள் 3 மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் போய் கவுண்ட்டரில் கேட்கலாம். வராதவர்கள், உயர் வகுப்புக்கு மாறியவர்கள் சீட் காலியாகும். மாங்காட்டில் இருந்து குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் வழியாகவோ, போரூர், கத்திப்பாரா வழியாகவோ போகலாம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் அதிகாலையிலும் புறப்படுகின்றன. மாலை நேர விமானம் என்றால் போரூர் சிக்னல் நெரிசலை கணக்கில் வைத்து கிளம்ப வேண்டும்.

விமானத்தில் ஏறிய பிறகு யாரிடமாவது சீட் மாற்றிக் கேட்பதாக இருந்தால், அதே போன்ற சீட்டை கொடுத்து கேட்க வேண்டும். ஐல் சீட்காரரிடம் நடு சீட்டை நீட்டினால் யாரும் ஒத்துக் கொள்ள மாட்டார்கள். பணிப்பெண்ணிடம் சொன்னால் கதவு மூடிய பிறகு காலி சீட் பார்த்து தருவார்.

திரும்பி வரும்போது முட்டி வலி இல்லாதவர்கள் இடது பக்க ஜன்னல் சீட் எடுக்கலாம். விமானம் மேற்கில் இருந்து வந்து மீனம்பாக்கத்தில் கிழக்கு பார்த்து இறங்கினால், பகல் நேரத்தில் இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியும், அதை அடுத்து மாங்காடு பகுதியும் தெரியும்.

சுருக்கமாக:

* வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள்- ஐல் சீட், டாய்லெட்டில் இருந்து 4, 5 வரிசை தள்ளி.

* வலது முட்டி வலி- சி, ஜி. இடது முட்டி வலி- டி, எச்.

* தம்பதி- ஏ330-ல் ஓரத்து ஜோடி சீட். 777-ல் சி, டி.

* கைக்குழந்தை- தொட்டில் வரிசை, போனில் முன்பதிவு.

* உயரமான இளைஞர்கள்- எமர்ஜென்சி கதவு சீட்.

* குலுக்கல் பயம்- இறக்கைக்கு நேரான வரிசை.

* தூங்கிக் கொண்டே போக விரும்புபவர்கள்- ஜன்னல் சீட், ஆனால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும்.